பெயர்ப் பலகை இல்லாத பள்ளி

இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள யார்க் மதில் சூழ்ந்த பழம்பெரும் நகரம். மதிலின் வாயில்களை அவ்வூரார் ‘பார்’ என்று அழைப்பர். நம் நாட்டில் அச்சொல்லுக்கு வேறு பொருள்கள் வழங்குவதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம். தென்மேற்கு வாயிலுக்கு மிக்கிள்கேட் பார் என்று பெயர். அரச துரோகிகள் எனத் தீர்ப்பிடப்பட்டவர்களின் தலைகளைக் கொய்து இவ்வாயிலின் உச்சியில் காட்சிக்கு வைப்பது பண்டைய வழக்கம். 1569-ஆம் ஆண்டின் வடநாட்டுக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய நார்தம்பர்லண்டு பிரபு தாமஸ் பெர்சி, கத்தோலிக்க மறையைக் கைவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்று கூறப்பட்டும் அதற்கு இணங்கவில்லை. 1572-இல் அவர் தலையும் இங்கு ஏற்றப்பட்டது.

அவ்வாயிலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், 1686-இல் ஒரு வீடு வாங்கப்பட்டது. அதில் சில மாதர் குடியேறினர். பெண் பிள்ளைகள் சிலர் அவர்களோடு தங்கிப் பயின்றனர். வாசலில் பெயர்ப் பலகை இல்லை, சிலுவை இல்லை. துறவற உடை அணிந்த எவரும் வெளியே வந்ததில்லை. ஊரார் அந்த மாதரைப் ‘பார் வாயில் சீமாட்டிகள்’ என்றனர். அந்த வீட்டில் நடந்த பள்ளி, அதே இடத்தில் 299 ஆண்டுகள் நிலைத்திருந்தது. அதன் வரலாற்றை இம்மாதம் வாசக அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

அந்நாளில் தம் மகளைக் கத்தோலிக்கப் பிள்ளையாக வளர்க்க விரும்பிய பெற்றோரின் நிலையை முதலில் அறிய வேண்டும். கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதைச் சட்டம் தடை செய்திருந்தது. 1700-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டமோ அதற்கு ஆயுட்காலச் சிறை விதித்தது. உள்நாட்டில் பள்ளி இல்லையே, கடல் கடந்து பிரான்சிலோ பிளாண்டர்சிலோ உள்ள மடங்களுக்கு அனுப்பலாம் என்று எண்ணினால், அப்படி அனுப்பும் பெற்றோருக்கு 100 பவுன் தண்டம். அது அந்நாளில் ஒரு சிறு குடும்பத்தை வேரோடு சாய்த்துவிடக்கூடிய தொகை. ஆகவே பெற்றோருக்கு எஞ்சிய வழிகள் இரண்டே: பிள்ளையை எதுவும் கற்பிக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வது, அல்லது யார்க் வீடு போன்ற ஓரிடத்தில், யாருக்கும் சொல்லாமல் கொண்டுபோய் விடுவது. நம் பங்குகளில் ஜூன் மாதம் பிறந்ததும் கன்னியர் பள்ளியில் இடம் கேட்டு வரிசையில் நிற்கும் தாய்மார் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். அங்கும் இடம் தேடினார்கள். ஆனால் இடம் கிடைத்த செய்தியை உறவினரிடம்கூடச் சொல்ல அஞ்சினார்கள்.

வீடு வாங்கப் பொருள் கொடுத்தவர் யார்க்ஷயர் நிலக்கிழாரான சர் தாமஸ் காஸ்காயின். 1680-இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், பொய்ச் சாட்சிகளின் பேரில் அரச துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, வழக்கில் வென்று விடுதலை பெற்றவர் அவர். நம் பெண் மக்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்பது அம்முதியவரின் தீராத ஆவல். 450 பவுன் கொடுத்தார். பொறுப்பை ஏற்றவர் அன்னை பிரான்சிஸ் பெடிங்ஃபீல்டு. இவ்வம்மையார் யார்க் வருவதற்கு முன்னரே இலண்டனை அடுத்த ஹாமர்ஸ்மித்தில், போர்த்துக்கல் நாட்டவரான அரசி கத்தரீனின் ஆதரவில் இத்தகைய வீடொன்றைத் தொடங்கியவர். மாற்றுப் பெயரில் நடமாடும் கலையில் தேர்ந்தவர். ‘திருமதி லாங்’ என்பது அவர் பூண்ட பெயர்களுள் ஒன்று.

பிரான்சிஸ் அம்மையார் எச்சபையைச் சார்ந்தவர் என்று கேட்டால், விடை கூறுவது அந்நாளில் எளிதாக இருந்திருக்காது. ஏனெனில் அச்சபை சட்டப்படி உலகில் இல்லை. அதைக் கலைத்தவர் இங்கிலாந்து அரசர் அல்லர். உரோமையில் வீற்றிருந்த பாப்பரசரே. இங்கு நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

யார்க்ஷயரில் 1585-இல் பிறந்தவர் மேரி வார்டு. வெடிமருந்துச் சதியில் 1605-இல் மாண்ட ரைட் சகோதரர் இருவரும் இவருக்குத் தாய்மாமன்மார். வேதகலாபனையின் புகை மூட்டத்துக்குள்ளேயே வளர்ந்த பெண் எனலாம். பிளாண்டர்ஸ் சென்று கிளாரா மடத்தில் இருந்து பார்த்தார். அந்த வாழ்வு தமக்கு உரியதன்று எனக் கண்டு, 1609-இல் சில தோழியருடன் செயின்ட் ஓமேர் நகரில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவர் கேட்டது பெரிது: அடைபட்ட மடம் வேண்டாம், துறவற உடை கட்டாயம் வேண்டாம், இயேசு சபையாரைப் போலவே தம் சபையும் எங்கு தேவையோ அங்கு சென்று உழைக்க வேண்டும், ஒரு பெண்ணே தலைவியாயிருந்து பாப்பரசருக்கு மட்டும் கீழ்ப்படிய வேண்டும். துறவறப் பெண்கள் அனைவரும் மடத்துள் அடைபட்டே வாழ வேண்டும் என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் விதித்திருந்த காலம் அது. அடைபட்ட மடத்திலிருந்துகொண்டு, தலைமறைவாய் வாழும் இங்கிலாந்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்ற மேரியின் கேள்விக்கு எவரும் நேரான விடை சொன்னதாக எமக்குத் தெரியவில்லை.

தம் கோரிக்கையை நேரில் வைக்க 1621 அக்டோபரில் பிரசெல்சிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்தைய நாள் உரோமை சேர்ந்தார். பாப்பரசர் காணக்கூடிய இடத்திலேயே நடத்திக் காட்டுவோம் என்று உரோமையிலும் ஒரு பள்ளி திறந்தார். பிள்ளைகள் வந்தனர், ஆயினும் 1625-இல் அதை மூட ஆணை வந்தது. மூனிக், வியன்னா, பிரஸ்பர்க் நகரங்களிலோ பள்ளிகள் செழித்தன. இலத்தீன் அக்காலத்தில் ஆண்களின் கல்வி. மேரி வார்டு அதைத் தம் பள்ளிப் பெண்களுக்கும் கற்பித்தார். மாணவியர் நாடகம் நடித்தனர். எதிரிகள் ‘பாய்ந்தோடும் பெண்கள்’ என்றும் ‘இயேசு சபைப் பெண்டிர்’ என்றும் எள்ளினர்.

1631 ஜனவரியில் எட்டாம் உர்பான் பாப்பரசர் சபையைக் கலைத்தார். ஆணையின் சொற்கள் மிகக் கடுமையானவை. அடுத்த மாதமே மேரி வார்டு பதிதர் எனக் குற்றம் சாட்டப்பட்டு, மூனிக் நகரில் கிளாரா கன்னியரின் மடத்தில் ஓர் அறையில் அடைக்கப்பட்டார். கடும் நோயுற்ற நிலையிலும் எலுமிச்சைச் சாற்றை மையாகக் கொண்டு, பொருள் சுற்றி வந்த தாள்களில் தோழியருக்கு எழுதினார். தாளை நெருப்பில் காட்டினால் எழுத்துத் தெரியும். அந்தக் கடிதங்களில் சில இன்றும் உள்ளன. சில வாரங்களில் விடுதலை கிடைத்தது. சபை மட்டும் கலைந்தது கலைந்ததே. அவருடைய தோழியர் சிலர் பொது நிலைப் பெண்களாகவே ஒரு கூரையின் கீழ் வாழ்ந்து பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அந்த மரபில் வந்தவரே பிரான்சிஸ் பெடிங்ஃபீல்டு. ஆகவே யார்க் வீட்டின் மாதர் தம் நாட்டுச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள். திருச்சபைச் சட்டத்தின் கண்ணிலோ துறவியரே அல்லர். அந்த நிலையில்தான் பள்ளி நடத்தினர்.

தொடக்க ஆண்டுகள் அமைதியாகக் கழியவில்லை. 1694-இல் பிரான்சிஸ் அம்மையாரும் உறவுப் பெண் ஒருவரும் ஊஸ் ஆற்றுப் பாலத்துச் சிறையில் அடைக்கப்பட்டனர். அம்மையாருக்கு அப்போது வயது எழுபத்தெட்டு இருக்கும். அந்தப் பாலத்தருகேதான் 1586-இல், குருக்களுக்கு அடைக்கலம் தந்த குற்றத்துக்காக, மார்கரெட் கிளித்தரோ என்ற இல்லத்தரசி பாரமேற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். 1970-இல் ஆறாம் பவுல் பாப்பரசரால் புனிதையாக உயர்த்தப்பட்ட அதே மார்கரெட்தான். அவருடைய கை ஒன்று அழியாது காக்கப்பட்டு யார்க் மடத்துச் சிற்றாலயத்தில் போற்றப்படுகிறது.

அந்த நூற்றாண்டின் இறுதியில் ஒரு நாள் வெறிகொண்ட கூட்டம் வீட்டை இடித்துத் தள்ளத் திரண்டு வந்தது என்றும், உதவிக்கு எவருமில்லாத நிலையில் அம்மையார் அதிதூதர் மிக்கேலின் படத்தை வாசலுக்கு மேல் தொங்கவிட்டு அவர் பாதுகாவலில் வீட்டை ஒப்படைத்தார் என்றும், கூட்டம் காரணம் தெரியாமலே கலைந்து சென்றது என்றும் மடத்தின் மரபு கூறுகிறது. மரபை மரபாகவே தருகிறோம்.

1699-இல் இந்தப் பள்ளியோடு இன்னொரு பள்ளி சேர்ந்தது. இதுவரை தங்கிப் பயின்றவர்கள் பெரும்பாலும் நிலக்கிழார் வீட்டுப் பெண்கள், கட்டணம் செலுத்தக்கூடியவர்கள். புதிய பள்ளியோ யார்க் நகர ஏழைச் சிறுமியர் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பகற்பள்ளி. கட்டணம் கிடையாது. மறைவாக வாழும் வீட்டுக்குத் தங்கிப் பயிலும் பிள்ளைகளால் ஆபத்துக் குறைவு. அவர்கள் உள்ளேயே இருப்பவர்கள். நாள்தோறும் தெருவழியே வந்து போகும் சிறுமியரின் வாயை யாரால் பூட்ட முடியும்? ஒரு குழந்தை சந்தையில் வாய் தவறிச் சொன்ன ஒரு சொல் போதும், ஆசிரியை சிறை செல்ல. அதை அறிந்தே கதவைத் திறந்தனர். இப்பள்ளியின் வரலாற்றில் எம் மனத்தை மிகவும் கவர்வது இச்செயலே.

அன்றாட வாழ்வில் இந்த மறைவு எங்கும் ஊடுருவியிருந்தது. மாதர் அணிந்தவை சாம்பல் நிறச் சாதாரண அங்கிகள். ‘அன்னை’, ‘சகோதரி’ என்னும் அழைப்புகள் வெளியார் காதில் விழலாகாது. ‘திருமதி’ என்றே வழங்கினர். திருப்பலிக்கு வரும் குருவும் சாதாரண உடையில் வரும் விருந்தினரே. அக்காலத்துப் பெண்களுக்கு உரியவை எனக் கருதப்பட்ட வாசிப்பு, எழுத்து, தையல் ஆகியவற்றுக்கு நடுவே, எவ்வேட்டிலும் எழுதப்படாத இன்னொரு பாடத்தையும் அச்சிறுமியர் கற்றிருக்க வேண்டும்: எதை எங்கே சொல்லலாகாது என்னும் பாடம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது பெருஞ்சுமை என்பதில் ஐயமில்லை.

சட்டம் ஏட்டில் இருந்த அளவுக்கு நடைமுறையில் பாய்ந்திருந்தால் இவ்வீடு பத்து ஆண்டுகள்கூட நிலைத்திராது. யார்க் நகர மக்களிற் பலர் தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்தனர் என்பதே உண்மை. சீமாட்டிகள் என்ற பட்டப் பெயரே அதற்குச் சான்று. ஆயினும் நாட்டில் கலகம் மூளும்போதெல்லாம் அக்கருணை வற்றிவிடும். 1745-இல் ஸ்டுவர்ட் வம்சத்தார் அரியணையை மீட்கப் படை திரட்டிய பிறகு, யார்க் பேராலய அதிகாரியான ஜாக்ஸ் ஸ்டெர்ன் இவ்வீட்டை ஒழித்துக் கட்டக் கங்கணம் கட்டிக்கொண்டார். நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்னின் தந்தையோடு உடன் பிறந்தவர் இவர். வழக்காடியும் அவரால் வெல்ல இயலவில்லை.

அந்த அச்சம் தணியாத நாளில்தான், 1760-களில், தலைவி அன்னை ஆன் ஆஸ்பினல் ஒரு சிற்றாலயம் கட்டத் துணிந்தார். கட்டடக் கலைஞர் தாமஸ் அட்கின்சன். 1769-இல் பணி நிறைவுற்றது. வெண்ணிறமும் பொன்னிறமும் இழைந்த அழகிய குவிமாடம் உடைய ஆலயம். ஆனால் தெருவில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆலயத்தை வீட்டின் நடுவே அமைத்து, குவிமாடத்துக்கு மேலே, சாதாரண வீட்டுக்கு இடுவது போன்ற சாய்வான சிலேட்டுக் கூரை போட்டு மூடிவிட்டனர். சோதனையிட வருவோர் கதவைத் தட்டினால் வழிபடுவோர் பல திசையிலும் கலைந்து செல்ல எட்டு வாயில்கள். குருவானவர் ஒளிந்துகொள்ளத் தரைக்கு அடியில் ஒரு மறைகுழி.

இவ்வளவு முன்னெச்சரிக்கை தேவைதானா என்று கேட்கத் தோன்றும். 1778-ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்க ஆசிரியர்க்கும் குருக்களுக்கும் இருந்த ஆயுட்சிறையை நீக்கியது. அதற்குச் சினந்தெழுந்த கூட்டம் 1780-இல் இலண்டன் நகரின் கத்தோலிக்க ஆலயங்களைத் தீக்கிரையாக்கியது. அன்னை ஆஸ்பினல் கூரை போட்டு மூடியது சரியே. 1791-இல்தான் கத்தோலிக்க வழிபாட்டுக்கும் பள்ளிக்கும் சட்டம் இடம் கொடுத்தது. அப்போதும் ஆலயத்துக்குக் கோபுரமும் மணியும் கூடா என்று நிபந்தனை. அதற்குள் யார்க் வீட்டில் பிள்ளைகள் நான்கு தலைமுறைக்கு மேலாகப் படித்துச் சென்றுவிட்டனர். மதிலோரமாகச் செல்லும் அந்தத் தெருவுக்கே ‘கன்னியர் மடத் தெரு’ என்னும் பொருளில் பெயர் நிலைத்துவிட்டது. மடத்தார் சொல்லத் துணியாததைத் தெருவே சொல்லிற்று.

கதவு சற்றுத் திறந்ததும் பிள்ளைகள் தொலைவிலிருந்தும் வந்தனர். 1803-இல், டப்ளின் நகரத்துப் பட்டு வணிகர் ஒருவரின் மகளான பிரான்சிஸ் பால் என்னும் ஒன்பது வயதுச் சிறுமி கடல் கடந்து வந்து சேர்ந்தாள். படிப்பு முடிந்து வீடு திரும்பினாள். 1814-இல், பேராயர் மரேயின் தூண்டுதலால், அதே யார்க் மடத்துக்கு நவசந்நியாசியாக மீண்டும் வந்தாள். ஏழாண்டுகள் பயிற்சி பெற்று, மேரி தெரசா என்ற துறவறப் பெயரோடு அயர்லாந்து திரும்பி, 1822-இல் இராத்ஃபார்னம் என்னுமிடத்தில் மடமும் பள்ளியும் அமைத்தார். இத்தாலியிலுள்ள லொரேத்தோ திருத்தலத்தின் பெயரை அதற்குச் சூட்டினார்.

லொரேத்தோ என்றதும் வாசகர் பலருக்கு நினைவு எங்கே செல்லும் என்பதை அறிவோம். 1841-இல் இராத்ஃபார்னமிலிருந்து ஒரு சிறு குழு கப்பலேறிக் கல்கத்தா வந்து, அவ்வாண்டின் இறுதியில் இந்திய மண்ணில் இறங்கியது. அவர்கள் நிறுவிய பள்ளிகள் பெருகின. 1928-இல் ஸ்கோப்ஜே நகரத்து இளம்பெண் ஒருவர் இராத்ஃபார்னம் சென்று ஆங்கிலம் கற்று, 1929-இல் இந்தியா வந்து, எண்டாலியிலுள்ள புனித மரியன்னை பள்ளியில் 1948 வரை பணியாற்றினார். 2016-இல் புனிதையாக உயர்த்தப்பட்ட அன்னை தெரசாதான் அவர். யார்க் நகரத்துப் பெயரில்லா வீட்டுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே இப்படியொரு தொடர்பு.

யார்க் பள்ளியின் பிற்கால வரலாறு மற்றப் பள்ளிகளின் வரலாற்றைப் போன்றதே, விரைந்து சொல்லிவிடலாம். கட்டடங்கள் பெருகின, முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை வந்தது, இருபதாம் நூற்றாண்டில் அரசின் நேரடி மானியம் பெறும் உயர்நிலைப் பள்ளியாயிற்று. 1942 ஏப்ரல் இறுதியில், ஜெர்மானிய விமானங்கள் யார்க் நகரைத் தாக்கிய இரவில், மடத்தின்மீது குண்டு விழுந்து கன்னியர் ஐவர் மாண்டனர். 1975-இல் நேரடி மானிய முறையைக் கைவிட அரசு முடிவு செய்தது. இறுதியாக 1985-இல் பெண்கள் பள்ளி என்னும் நிலை மாறி, ஆண் பிள்ளைகளும் பயிலும் அனைத்துப் புனிதர் பள்ளியில் இது கலந்தது. கட்டணம் செலுத்துவோர், செலுத்தாதோர் என்ற வேறுபாடு அத்தோடு அகன்றது; மேரி வார்டு இருந்திருந்தால் இதற்கு வருந்தியிருப்பார் என்று எமக்குத் தோன்றவில்லை. 1987-இல் மடத்தின் ஒரு பகுதி காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மறைகுழியைப் பார்வையாளருக்குக் காட்டலாயினர்.

நிற்க. இடையில் ஒரு செய்தியை விட்டு வந்தோம். 1703-இல் பதினோராம் கிளமெந்து பாப்பரசர் இச்சபையாரின் ஒழுங்குகளை ஏற்று அங்கீகரித்தார். சபையையன்று, ஒழுங்குகளை மட்டும். 1749-இல், ஜெர்மானிய நாட்டில் எழுந்த ஒரு வழக்கைத் தீர்த்துவைக்கையில், பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் இவர்கள் தொடர்ந்து வாழ வழிசெய்தார். ஆனால் மேரி வார்டை இவர்கள் தம் நிறுவுனர் எனக் கொள்ளலாகாது என்றார். கலைக்கப்பட்டது ஒரு சபை, இது வேறொரு சபை என்பது சட்டத்தின் நிலை. அன்று தொடங்கி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல், இச்சபையின் பெண்கள் தம் அன்னையை அன்னை என்று பொதுவில் சொல்ல முடியாதவர்களாயினர். அரசுக்கு அஞ்சிச் சிலுவையை மறைத்த வீட்டார், திருச்சபைக்குக் கீழ்ப்படிந்து தம்மைப் பெற்றவளின் பெயரையும் மறைத்தனர். இரண்டில் எது கடினமாயிருந்திருக்கும் என்று எம்மைக் கேட்டால் தயங்காமல் இரண்டாவதையே சொல்வோம். பகைவர் கதவைத் தட்டினால் எட்டு வாயில்களில் ஒன்றின் வழியே வெளியேறலாம்.

ஆனாலும் அவர்கள் சபையை விட்டு விலகவில்லை; முறையீட்டையும் விடவில்லை. 1877-இல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் சபையை முழுமையாக அங்கீகரித்தார். 1882-இலும் 1885-இலும் அச்சபைக் கன்னியரான கத்தரீன் எலிசபெத் சேம்பர்ஸ் இரு தொகுதிகளாக மேரி வார்டின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1909-இல் பத்தாம் பத்திநாதர் பாப்பரசர், மேரி வார்டை நிறுவுனர் எனக் கொள்ள அனுமதியளித்தார். சபை கலைக்கப்பட்டு அப்போது 278 ஆண்டுகள். 2009 டிசம்பரில் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவிக்க இசைந்தார்.

மேரி வார்டு தம் இறுதி ஆண்டுகளில் இங்கிலாந்து திரும்பி, உள்நாட்டுப் போரின் நடுவே, யார்க் நகரை ஒட்டிய ஹெவொர்த் சிற்றூரில் 1645 ஜனவரியில் காலமானார். கத்தோலிக்கரை அடக்கம் செய்ய இடம் கிடைப்பதே அரிது. அருகிலுள்ள ஆஸ்பால்ட்விக் ஊரின் ஆங்கிலிக்கன் குரு பணத்துக்கு இணங்குபவர் என்று தெரிந்துகொண்டு, தோழியர் அக்கல்லறைத் தோட்டத்தில் இடம் பெற்றனர். அவர்கள் நட்ட கல் இன்று அவ்வூர் ஆலயத்தினுள் இருக்கிறது. ஏழைகளிடம் அவர் கொண்டிருந்த அன்பைப் பற்றி அதில் சில வரிகள் உள்ளன. வாழ்ந்தது 60 ஆண்டும் 8 நாளும் என்று கணக்கும் உண்டு. கன்னியர் என்றோ சபை என்றோ பள்ளி என்றோ ஒரு சொல்லும் அதில் பொறிக்கப்படவில்லை.